தாண்டிப்போக நினைக்கிற வசனம்

சீர்திருத்த சபைகள் வாசிக்கும் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று அதிகாரம் போதாது. சில நாள் நான்கு வாசிக்க வேண்டிவரும். அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நானும் முடித்திருக்கிறேன். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எந்த ராஜாவுக்குப் பின் எந்த ராஜா, சிறையிருப்பு எப்போது, எந்தத் தீர்க்கதரிசி யாரிடம் பேசினார் என்பதெல்லாம் அப்படி ஓடி ஓடி வாசித்தால்தான் பிடிபடும். இங்கே நான் சொல்ல வருவது வேறு விதமான வாசிப்பு. பத்துப் பன்னிரண்டு வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், அந்தப் பகுதி நம்மிடம் எதையாவது கேட்பதற்கு இடம் கொடுத்து உட்காருவது.

"திறந்த மனதோடு வாசியுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். திறந்த மனது எப்படி இருக்கும் என்று சொல்கிறவர்கள் குறைவு. உட்கார்ந்ததும் உள்ளுக்குள் இதமாக ஏதோ வர வேண்டும், வந்தால் தியானம் நன்றாக நடந்தது, வராவிட்டால் இல்லை என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். சாமுவேலைப் பாருங்கள். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற வரி சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அழகான எழுத்தில் எழுதி மாட்டுகிறோம். அதற்கு அடுத்து வரும் வசனங்களை யாரும் மாட்டுவதில்லை. அந்தப் பையன் கேட்டது, தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பை. விடியும்வரை படுத்தே கிடந்தான், ஏலியிடம் சொல்லப் பயந்தான் என்று 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. கேட்கிறேன் என்றவனுக்குக் கேட்கப் பிடிக்காத சேதி வந்தது. பிடித்த வசனத்தில் நம் மனது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தெரியாது. எந்த இடத்தில் கண் சற்று வேகமாக அடுத்த வரிக்கு ஓடுகிறதோ அங்கேதான் தெரியும்.

எனக்கு இது யோனாவில் விளங்கியது. சின்னப் புத்தகம்: 4 அதிகாரம், 48 வசனம். மீன் வருகிற இடம் எல்லாருக்கும் தெரியும். நான் மாட்டிக்கொண்டது மீன் போன பிறகு, நாலாம் அதிகாரத்தில். அப்பா படுக்கையில் விழுந்திருந்த காலம் அது. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. அண்ணன் வெளியூரில். அவ்வப்போது போன் வரும். "டாக்டரை மாத்திப் பாரேன்", "கொஞ்சம் நடக்க வைக்கலாம்ல" என்று நாலு யோசனை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். போனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் ஜெபத்தில் உட்கார்ந்தால் "அண்ணன் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று வழக்கமான வார்த்தைகள்தான் வாயில் வரும். எரிச்சலைத் துடைத்துவிட்டுத்தான் ஆண்டவர் முன் போவேன், வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்துவதுபோல.

அந்த நாட்களில் ஒரு காலையில் யோனா 4. அழியப்போகிறது என்று தான் எச்சரித்த நினிவே பட்டணம் மனந்திரும்பி அழியாமல் தப்பியதில் யோனாவுக்குக் கோபம். கர்த்தர் கேட்கிறார்: "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ." நான் அதை வாசித்துவிட்டு, அடுத்து யோனாவுக்கு நிழலாக முளைக்கிற ஆமணக்குச் செடிக்குப் போய்விட்டேன். செடியைப் பற்றி நிறைய யோசிக்கலாமே! செடி, பூச்சி, உஷ்ணமான கீழ்க்காற்று, எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்லலாம். அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் கேள்விக்கு யோனா பதிலே சொல்லவில்லை. எழுந்து நகரத்தைவிட்டு வெளியே போய், ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு, ஊருக்கு என்ன ஆகிறது பார்க்கலாம் என்று நிழலில் உட்கார்ந்துகொண்டான். நானும் பதில் சொல்லாமல்தானே செடிக்குப் போனேன்?

அடுத்த சில நாட்களுக்கு வேறு எதையும் வாசிக்கவில்லை. அதே பகுதிதான். என் பதில் முதலில் "ஆமாம், நல்லதுதான், எனக்குக் காரணம் இருக்கிறது" என்றுதான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் முறை கேட்டபோது யோனாவும் அதையேதான் சொல்கிறான்: "மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்." இவ்வளவு முரட்டுப் பதிலை வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குக் கர்த்தர் அவனை அடிக்கவில்லை, அனுப்பிவிடவும் இல்லை. இன்னொரு கேள்வி கேட்கிறார், அந்தக் கேள்வியோடு புத்தகமே முடிந்துவிடுகிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள், கூடவே நிறைய மிருகங்கள், இவற்றுக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று. (ஒரு புத்தகத்தைக் கடைசியில் மாடுகன்றுகளோடு முடித்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.)

அதன் பிறகு நான் செய்த ஜெபம் அழகாக இல்லை. அண்ணனைப் பற்றி இருந்ததை இருந்தபடி சொன்னேன். என் எரிச்சலில் நியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்ன பிறகு, குடிசை போட்டு உட்கார்ந்து அவர் என்றைக்கு வருத்தப்படுவார் என்று காத்திருப்பது சலித்துவிட்டது. அவருக்கே போன் போட்டு, "மாசத்துல ஒரு வாரம் நீங்க வந்து பார்த்துக்கணும், ஆஸ்பத்திரிச் செலவுல பாதி வேணும்" என்று கேட்டேன். செலவுக்கு ஒத்துக்கொண்டார். வாரம் வருவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. யோனா வாசித்ததால் அண்ணன் மாறிவிட்டார் என்று நான் சாட்சி சொல்லப் போவதில்லை. நான் ஒரு தெளிவான கேள்வியைக் கேட்கிற அளவுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

இப்படி வாசிப்பது நாம் கண்டுபிடித்த விஷயமில்லை. கி.பி. 530 வாக்கில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிய மடத்து ஒழுங்கில் 48-ஆம் பகுதி கைவேலைக்கும் வேதவாசிப்புக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. பகல் ஓய்வு நேரத்தில் தனியாக வாசிக்க விரும்புகிறவன் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்கட்டும் என்று அதில் ஒரு வரி வரும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாய்விட்டுத்தான் வாசித்தார்கள். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் சத்தமில்லாமல் கண்ணால் மட்டும் வாசிப்பதைப் பார்த்து அகுஸ்தீன் வியந்து எழுதியிருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியன் மடத்துத் தலைவர் இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் ஆண்டவரில் இளைப்பாறும் அமைதி. லெக்சியோ திவினா என்று கத்தோலிக்கத் தியான இல்லங்களில் சொல்லிக் கொடுப்பது இதுதான். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் விசுவாசிகள் எல்லாரும் ஜெபத்தோடு வேதம் வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நான்கு படி என்றதும் சிலர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இது, ஐந்து நிமிடம் அது என்று பிரிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே நேரம் போய்விடும், நாலாவது படி எப்போதாவது தானாக வரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பகுதியை வாய்விட்டு மெதுவாக இரண்டு தடவை வாசிப்பேன். கண்ணால் வாசித்தால் தெரிந்த கதை என்று மனது முன்னால் ஓடிவிடுகிறது. நாக்குக்கு அந்த வேகம் கிடையாது. பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அதிகார எண்ணையும் வசன எண்ணையும் ரொம்ப நம்புவதில்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலப் பேராயர் காலத்தில் நிலைத்தது, புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எத்தியேன் அச்சிட்ட பதிப்பில் வந்தவை. எழுதினவர்கள் போட்டதில்லை. பாடுபடும் தாசனைப் பற்றிய பாட்டை ஏசாயா 53-இல் தொடங்கினால் தலை வெட்டிய மாதிரி; அது 52:13-இலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு சம்பவம், ஒரு உவமை, ஒரு சங்கீதம் என்று முழுதாக எடுப்பதே நல்லது.

முதல் வாசிப்பில் பிடித்துக்கொண்ட வரியை ஒரு நோட்டில் கையால் எழுதுவேன். எங்கே நெருடியது, எங்கே வேகமாகத் தாண்டினேன் என்பதையும் பக்கத்தில் குறிப்பேன். இந்தக் குறிப்புதான் பிறகு உதவும். இயேசு சபையைத் தொடங்கிய இலொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், ஆறுதலோ கலக்கமோ மிகுந்த இடத்துக்கு மறுபடி திரும்பிப் போகச் சொல்கிறார். புதிய பகுதிக்கு ஓடாமல் நெருடின இடத்துக்கே திரும்புவது இந்த வாசிப்பில் பாதி வேலை.

பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் தனிச் சிரமம் உண்டு. எந்த வசனத்தைப் பார்த்தாலும் மூன்று குறிப்புகளாகப் பிரிந்து நிற்கும். மற்றவர்களுக்கும் இதே கஷ்டம் வேறு உருவில் வரும்: "இதை அவள் வாசிக்கணும்", "இது எங்க ஆபீசருக்கென்றே எழுதின வசனம்." இன்னொரு ஆளின் முகம் ஞாபகத்துக்கு வந்தால், அந்த வசனத்தை நம்மேல் படாமல் தள்ளிவிடுகிறோம் என்று அர்த்தம். காலையில் பிடித்த வசனத்தை உடனே வாட்ஸ்அப்பில் போடுவதையும் நான் விட்டுவிட்டேன். போட்டதும் லைக் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம், வசனம் போய்விடும்.

ஜெபத்தில் மனது அலைகிறது என்பவர்கள் வாசிப்பை முன்னால் வைத்துப் பார்க்கலாம். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், முன்பெல்லாம் எழுந்ததும் ஜெபத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மனம் அலைந்து தவித்ததாகவும், வசனத்தைத் தியானிப்பதில் தொடங்கிய பிறகு ஜெபம் தானாக வந்ததாகவும் 1841-இல் எழுதியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான். வசனம் ஒன்றைக் கேட்கும், நான் பதில் சொல்வேன், அதுவே ஜெபமாகிவிடும். வார்த்தை தேட வேண்டியதில்லை.

மனது திறந்திருக்கிறது என்பதற்காக மூளையை மூடிவைக்க வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எரேமியா 29:11-ஐத் தெரியாதவர் இல்லை, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தேர்வு எழுதுகிறவருக்கும் வேலை தேடுகிறவருக்கும் அதை எடுத்துக் கொடுக்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்று அதற்கும் முன்னால். அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். இது தெரிந்தால் வசனத்தின் ஆறுதல் குறையாது. ஆனால் அடுத்த மாதத்துக்குள் நடந்துவிடும் என்று அதன் தலையில் நாம் கட்டிய வாக்கு அவிழ்ந்துபோகும். இயேசுவைச் சோதித்தபோது பிசாசு நீட்டியதும் 91-ஆம் சங்கீதத்து வசனம்தான். தனியே வெட்டி எடுத்த வசனம் எந்தக் கைக்கும் வளைந்து கொடுக்கும்.

அதனால் விளக்கவுரையை நான் ஒதுக்குவதில்லை, நேரம் மாற்றி வைத்திருக்கிறேன். சாயங்காலம் திறப்பேன், காலையில் திறப்பதில்லை. முதலிலேயே திறந்தால் அறிஞர் சொன்னதை வைத்து வசனத்திடம் பேசத் தொடங்கிவிடுவேன். திறக்காமலே இருந்தால் எனக்குத் தோன்றியதெல்லாம் ஆண்டவர் சொன்னதாகிவிடும். வேலையை விடலாமா, எந்தச் சம்பந்தத்தை முடிக்கலாம் என்பதற்கெல்லாம் கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் சிறு குழுவில் ஒருமுறை மாற்கு 10:46-52 எடுத்தோம், குருடனான பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டுப் பார்வை பெறுகிற சம்பவம். எங்கள் ஒழுங்கு எளிமையானது. ஒருவர் வாசிப்பார், மௌனம், மறுபடி இன்னொருவர் வாசிப்பார். பிறகு விருப்பமுள்ளவர்கள் தங்களைத் தொட்டதை மட்டும் சொல்லலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. அன்றைக்கு அதிகம் பேசாத ஒரு பெரியவர் சொன்னார்: "மேல்வஸ்திரத்தை எறிஞ்சிட்டு வந்தான்னு இருக்கு. கண்ணு தெரியாதவன் எறிஞ்சா திரும்பத் தேடி எடுக்க முடியாதே. அப்போ, திரும்பி வரும்போது பார்வை இருக்கும்னு நெனச்சிருக்கான்." அத்தனை தடவை வாசித்தும் அந்த வஸ்திரத்தை நான் பார்த்ததே இல்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, பேசாதிரு என்று அதட்டின கூட்டமே கொஞ்ச நேரத்தில் "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்று சொல்வதைக் கவனித்தாள். நான் வீட்டுக்கு வந்து அதிகாரத்தைப் பின்னோக்கிப் புரட்டினால், நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அதே கேள்வியை இயேசு சற்று முன்புதான் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் வலதுபக்கத்திலும் இடதுபக்கத்திலும் இடம் கேட்டார்கள். தனியாக வாசித்தால் இத்தனையும் ஒரே ஆளுக்கு அகப்படாது.

ஒன்றுமே தோன்றாத நாட்கள் நிறைய வரும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உட்கார்ந்துவிட்டு எழுந்து வேலையைப் பார்க்க வேண்டியதுதான். 1935-இல் ஜெர்மனியின் ஃபின்கன்வால்டேயில் டீட்ரிக் போன்ஹோஃபர் நடத்திய போதகர் பயிற்சிக் கூடத்தில் தினமும் அரை மணி நேரம் மௌன தியானம், வாரம் முழுவதும் ஒரே வேதபகுதி. போதகராகப் படித்த வாலிபர்களுக்கே அந்த அரை மணியில் என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் திணறல்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தூக்கம் வருகிற நாட்களுக்காக நான் கவலைப்படுவதில்லை.

எல்லாரும் தாண்டுவது கடினமான வசனத்தைத்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். கண்டித்துச் சொல்லும் எந்த வசனமும் அவருக்கு உடனே பொருந்திவிடும். எல்லாவற்றிலும் தன் குற்றத்தைப் பார்ப்பார். லூக்கா 15-இல் கெட்ட குமாரன் உவமையை வாசித்த அன்றைக்கு, "அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி" என்ற இடத்தில் எல்லாரும் நிற்க, அவர் மட்டும் மகனின் பாவங்களைப் பற்றியே பேசினார். தகப்பன் ஓடிவருவதைப் பற்றிக் கேட்டால், "அது எனக்கு இல்லப்பா" என்றார். இப்படிப்பட்டவர்களிடம் போய் நெருடுகிற வசனத்தில் தங்குங்கள் என்று சொன்னால் காயத்தைக் கிளறுவதாகிவிடும். அவருக்கு நெருடுவது இரக்கம்தான். 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னோம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவைத் தூதன் ஒரு வார்த்தையும் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், மறுபடி தூங்க விடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அக்கா அதோடு பல வாரம் இருந்தார். குற்ற உணர்வு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் வாசிப்பு மட்டும் போதாது. நம்பிக்கையான போதகரிடமும், தேவையென்றால் மனநல மருத்துவரிடமும் போக வேண்டும். அவரையும் அப்படித்தான் அனுப்பினோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்திலோ வெளிப்படுத்தலிலோ கால் வைக்க வேண்டாம். மாற்கு நல்லது, நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம், சம்பவங்கள் கைக்கடக்கமாக இருக்கும். சங்கீதங்களில் 13, 27, 131 ஆகியவற்றை எடுக்கலாம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு 88. கடைசிவரை ஆறுதல் சொல்லாமலே முடிகிற சங்கீதம் அது, அந்த நேரத்தில் அப்படியொன்றுதான் வேண்டியிருக்கும். நேரம் பத்து நிமிடம் இருந்தாலும் போதும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். போனில்தான் வேதாகமம் இருக்கிறது என்பவர்கள் நெட்டை அணைத்துவிட்டு உட்காருங்கள்.